மணலில் எழுதிய பாடம்

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பயந்துகொண்டு வருகிறவர்கள். ஏழரை நாட்டுச் சனி, அஷ்டமச் சனி, கண்டகச் சனி என்று பயத்துக்குத்தான் எத்தனை பெயர்! நளதீர்த்தத்தில் முழுகி எழுந்து, தர்ப்பாரண்யேசுவரரைக் கும்பிட்டு, சனி பகவான் சந்நிதியில் நின்றுவிட்டு வெளியே வரும்போது முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். இந்த ஊரில் நான் எத்தனையோ வருஷமாகப் பார்த்துவரும் காட்சி இது. மாசி, பங்குனி பிறந்துவிட்டால் இவர்களோடு இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொள்ளும். அது பரீட்சைக்குப் பயந்து வரும் பிள்ளைகள் கூட்டம்.

போன பங்குனியில் ஒரு சாயங்காலம். குளக்கரைப் படியில் பதினான்கு பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஸ்லோகம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டபோது, "ழ சுயி, து எ, இல் எ" என்று வந்தது. 'நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய், அவன் இருக்கிறான்' என்ற பிரெஞ்சு வாய்பாடு!

"என்னம்மா, பரீட்சையா?" என்றேன்.

"ஆமாம் சார். நாளைக்கு ஒவ்வொருத்தரா எழுந்து நின்னு பேசணும். எழுதச் சொன்னா எழுதிடுவேன். வாயைத் திறந்தாத்தான் எல்லாம் மறந்துபோகுது."

பக்கத்தில் ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த அவள் தாயார் சொன்னாள்: "வீட்டில நல்லாத்தான் சொல்றா அண்ணே. வகுப்பில பேர் சொல்லிக் கூப்பிட்டா போதும், கை சில்லிட்டுப் போகுதாம். அதுக்குத்தான் இங்கே கூட்டியாந்தேன்."

அந்தப் பெண்ணின் கை சில்லிட்டது என்று கேட்டதும் எனக்கு என் தாத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. ஏறக்குறைய தொண்ணூறு வருஷங்களுக்கு முன்னால் இதே காரைக்கால் சீமையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவருக்கும் கை சில்லிட்டது, அதே பாஷைக்காக. இடையில் ஓர் ஏகாதிபத்தியம் வந்த வழியே போய்விட்டது. கொடி மாறியது, சட்டம் மாறியது, நாணயம் மாறியது. அந்தச் சில்லிப்பு மட்டும் மாறாமல் இருக்கிறதே, அது எப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் சரித்திரத்துக்குள் போய் வர வேண்டும்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739-ல். தஞ்சாவூர் மராட்டிய அரசில் நடந்த பட்டத்துச் சண்டையைப் பயன்படுத்திக்கொண்டு அவர்கள் இந்தக் கடற்கரையில் காலூன்றினார்கள். நடுவில் ஆங்கிலேயர் பிடிப்பதும், ஒப்பந்தம் போட்டுத் திருப்பிக் கொடுப்பதுமாகச் சில காலம் போயிற்று. ஆனாலும் 1954 வரையில், சுற்றிலும் தஞ்சாவூர் ஜில்லா இருக்க, நடுவே ஒரு தீவு போலப் பிரெஞ்சுக் கொடி பறந்த மண் இது. இன்றைக்கும் இங்கே பஞ்சாயத்துக்குக் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றுதான் பெயர். பிரெஞ்சுக் காகிதங்களில் எங்கள் ஊர் 'திர்நுலார்' ஆகியிருந்தது. நம்முடைய ளகரமும் றகரமும் அவர்களுடைய நாக்கைப் படுத்திய பாட்டை அந்த ஒரு பெயரிலேயே காணலாம்.

முதல் நூறு வருஷம் போல இங்கே சாதாரண ஜனங்களுக்குப் பிரெஞ்சுப் பயம் இருந்திருக்க நியாயமில்லை. ஏனென்றால் அந்தப் பயத்தைத் தங்கள் தலையில் வாங்கிக்கொள்ளத் துபாஷிகள் இருந்தார்கள். துபாஷி என்றால் இரண்டு பாஷைக்காரன். 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்த ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக இருந்தவர். நெசவாளியும் நெல் வியாபாரியும் தமிழில் பேசினார்கள். கவர்னர் பிரெஞ்சில் பேசினார். நடுவில் ஒருவர் நின்றார். சொல் தவறினால் அவர் தலைக்குத்தான் ஆபத்து. ஊருக்கெல்லாம் சேர்த்து ஒருவர் பயந்தால் போதுமானதாக இருந்தது.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. 1826-ல் புதுச்சேரியில் அரசாங்கக் கலாசாலை ஏற்பட்டது. 1877-ல் கலவை சுப்பராயச் செட்டியார் தம் பொருளைக் கொடுத்து ஏற்படுத்திய பள்ளிதான், பின்னால் பாரதிதாசன் படித்த கலவைக் கலாசாலை. பிரான்சிலோ 1881, 1882 வருஷங்களில் ஜூல் ஃபெரி என்ற மந்திரி கொண்டுவந்த சட்டங்களால் ஆரம்பக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆயிற்று. அதன் அலை இந்தக் கரையிலும் வந்து மோதியது. நல்லதுதான், படிப்பு ஒரு சிலரின் சொத்தாக இருந்த நிலை மெல்லத் தளர்ந்தது. ஆனால் இனி ஒவ்வொரு குழந்தையும் தனக்குத்தானே துபாஷி ஆகவேண்டும். துபாஷியின் பயமும் ஆளுக்கொரு பங்காக வந்து சேர்ந்தது.

பிரெஞ்சு ஏன் அவ்வளவு முக்கியம் என்று இன்றைய வாசகர்கள் கேட்கலாம். 1881-ல் வந்த ஓர் ஆணை, நம்மவர்கள் தங்கள் குலாசாரச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு உட்பட வழி செய்தது. அப்படித் துறந்தவர்களும் துறக்காதவர்களுமாக, நாலு வரி பிரெஞ்சு தெரிந்த பலர் காரைக்காலிலிருந்து கப்பலேறிச் சைகோனுக்குப் போனார்கள். இந்தோ-சீனாவில் கணக்கர், வரி வசூலிப்பவர், போலீஸ்காரர் என்று உத்தியோகம் பார்த்துப் பணம் அனுப்பினார்கள். ஆக, வகுப்பில் எழுந்து நிற்கும் பையனின் நாக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது வெறும் இலக்கணமல்ல. தங்கையின் கல்யாணமும் அடகு வைத்த நிலமும் அங்கே தொங்கிக்கொண்டிருந்தன. நாக்கு எப்படிப் புரளும்?

என் தாத்தா படித்தது அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியில். அவருக்குப் பதினோரு வயது. மேஜையைக் காட்டி உபாத்தியாயர் பெயர் கேட்டார். தாத்தா 'லெ தாப்ள்' என்றார். 'லா தாப்ள்' என்று சொல்லியிருக்க வேண்டும். பிரெஞ்சில் மேஜை பெண்பால். நாற்காலியும் பெண்பால்; ஆனால் சுவர் ஆண்பால், புத்தகம் ஆண்பால். உயிருள்ள மாட்டையும் ஆட்டையும்கூட 'அது' என்று அஃறிணையில் ஒதுக்கிவிடும் ஒரு தமிழ்ப் பிள்ளையிடம், மரப்பலகைக்குப் பால் வேற்றுமை கேட்டால் அவன் என்ன செய்வான்? வகுப்பு சிரித்தது. உபாத்தியாயரும் சிரித்தார். அவர் கெட்டவரல்ல என்றுதான் தாத்தா எப்போதும் சொல்வார். ஆனால் அன்றிலிருந்து தாத்தாவுக்கு 'முசியே லெ தாப்ள்' என்ற பட்டப் பெயர் நிலைத்துவிட்டது. மேஜை ஐயா!

அதன் பிறகு தாத்தா பிரெஞ்சில் வாய் திறக்கவில்லை. எழுதுவதில் மட்டும் சூரர். 'திக்தே' என்று சொல்லெழுத்துப் பயிற்சி உண்டு. பிரெஞ்சுக் கல்வியின் உயிர்நிலை அது. பிரான்ஸ் தேசத்து ஆரம்பப் படிப்புச் சான்றிதழ்ப் பரீட்சையில் சொல்லெழுத்தில் ஐந்து பிழை விட்டால் மதிப்பெண் பூஜ்யம். உச்சரிக்காத எழுத்துக்களையும், தலைமேல் போடும் கோடுகளையும் நினைவில் வைத்து எழுதும் அந்தக் கண்டத்தைத் தாத்தா பிழையின்றித் தாண்டினார். வளர்ந்த பிறகு ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் பதிவு செய்பவரிடம், எழுத்தராக அமர்ந்தார். அவர் படி எடுத்த பிரெஞ்சுப் பத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன். முத்து முத்தான எழுத்து. ஆனால் யாராவது பிரெஞ்சில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், காது கேளாதவர் போல் உள்ளே போய்விடுவாராம்.

இதை வெள்ளைக்காரன் கறுப்பனுக்குச் செய்த கொடுமை என்று எழுதி முடித்துவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். சரித்திரம் அவ்வளவு சுலபமாக இல்லை. பிரான்சின் மேற்குக் கோடியில் பிரித்தானி என்ற பிரதேசம் இருக்கிறது. அங்கே குடியானவர்களின் தாய்மொழி பிரெஞ்சல்ல. பிரெத்தோன் என்ற வேறு பாஷை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்கே பள்ளியில் தாய்மொழி பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய செருப்பையோ மாட்டிவிடுவார்கள். அதற்கு 'அடையாளம்' என்று பெயர். வேறொரு பிள்ளை தாய்மொழி பேசுவதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தால் அதை அவன் கழுத்துக்கு மாற்றலாம். சாயங்காலம் யார் கழுத்தில் இருக்கிறதோ அவனுக்குத் தண்டனை. வேல்ஸ் நாட்டுப் பள்ளிகளிலும் இதே மாதிரி ஒரு பலகையைப் பிள்ளைகளின் கழுத்தில் தொங்கவிட்டார்கள். வெளியூருக்கு ஏற்றுமதி செய்வதற்கு முன் அந்தப் பயத்தை அவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளிடமே பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பாஷையின் மேலும் குற்றம் சொல்ல முடியாது. பிரெஞ்சில் தொண்ணூற்றொன்பது என்று சொல்ல 'நான்கு இருபது, பத்து, ஒன்பது' என்று அடுக்க வேண்டும். கேட்டால் தலை சுற்றும். ஆனால் நம் தொண்ணூறு மட்டும் என்ன? எண்பதுக்குப் பிறகு ஒன்பதைத் தொண் ஆக்கி, பத்தை நூறு ஆக்கி வைத்திருக்கிறோம். தொல்காப்பியரே உட்கார்ந்து இந்த மாற்றத்துக்கு விதி சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்ப் பிள்ளைக்குப் பிரெஞ்சில் சில சலுகைகளும் உண்டு. 'து', 'வூ' என்ற வேற்றுமையில் ஆங்கிலேயன் தடுமாறுவான். நீ, நீங்கள் என்று பிறந்தது முதல் பேசும் நமக்கு அதைச் சொல்லித்தரவே வேண்டாம். 'ழ சுயி' என்றேனே, அந்தப் பிரெஞ்சு ஒலிக்கு நம்மில் பலர் ழகரத்தையே போட்டு 'ழான்', 'ழூல்' என்று எழுதுகிறார்கள். அசல் ஒலி வேறுதான். ஆனாலும், தமிழர்களே உச்சரிக்கப் பயப்படும் எழுத்தை அந்நியனுக்குத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்த பெருந்தன்மையை என்னென்பது!

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூரில் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய விரும்பினார்கள். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படி அமலுக்கு வந்தது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: இங்கே பிறந்து இங்கேயே குடியிருப்பவர்கள் இந்தியப் பிரஜைகள் ஆவார்கள், ஆனால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுப் பிரஜையாகவே நீடிக்கலாம்.

எங்கள் வீட்டில் அந்த ஆறு மாதம் இரண்டு சகோதரர்களையும் இரண்டு கண்டங்களுக்குப் பிரித்துவிட்டது. தாத்தாவின் தம்பிக்கு இலக்கணமே வராது. மேஜையையும் சுவரையும் இஷ்டத்துக்குப் பால் மாற்றி, உரக்கப் பேசுவார். அவர் எழுதிக் கொடுத்தார், பிரான்சுக்குப் போனார், அங்கேயே குடும்பமாகிவிட்டார். குற்றமில்லாத பிரெஞ்சு எழுதிய தாத்தா, எழுதிக் கொடுக்கவில்லை.

பாட்டி சாகும் வரையில் இதைச் சொல்லிக் காட்டுவாள். "எழுதிக் கொடுத்தாப் போதும்னு எல்லாரும் சொன்னாங்கடா தம்பி. அங்கே போனா ஏதாவது கேப்பான், பதில் சொல்லணுமேன்னு நடுங்கிக்கிட்டு உக்காந்துட்டார் உங்க தாத்தா" என்பாள். தாத்தா மறுப்பார். "அரசலாற்றுத் தண்ணியை விட்டுட்டு எங்கே போறது? சுதந்திரம் வந்தப்புறம் அவன் பிரஜையா இருக்க எனக்கென்ன தலையெழுத்தா?" என்பார்.

இருவரில் யார் சொன்னது உண்மை? கதை எழுதுவதே தொழிலாகிவிட்ட எனக்கு மனிதர்களின் உள்நோக்கத்தைக் கண்டுபிடிப்பது கைவந்த கலை என்று வாசகர்கள் நினைக்கலாம். என் சொந்தத் தாத்தா விஷயத்தில் அது பலிக்கவில்லை. தேசபக்தியும் பயமும் ஒரே மனசில் ஒரே நேரத்தில் இருந்திருக்கலாம். பயத்துக்குத் தேசபக்தி ஒரு கௌரவமான வேஷ்டி கட்டி விட்டிருக்கலாம். அல்லது அவர் சொன்னதே முழு உண்மையாகவும் இருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். பதினோரு வயதில் கேட்ட ஒரு சிரிப்பொலி, முப்பத்தெட்டு வயதில் ஒரு மனிதர் முடிவெடுத்தபோதும் அந்த அறைக்குள் இருந்திருக்கிறது.

மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக இருக்கும் என்று ஒப்பந்தம் சொன்னது. 1965-ல் சட்டம் வந்து தமிழ் ஆட்சிமொழியாயிற்று. ஆங்கிலமும் துணைக்கு நின்றது. பிரெஞ்சு, ராஜ சிங்காசனத்திலிருந்து இறங்கிப் பள்ளியில் விருப்பப் பாடமாக உட்கார்ந்துகொண்டது. சைகோன் உத்தியோகமில்லை, கவர்னர் இல்லை. அப்படியும் குளக்கரைப் பெண்ணுக்குக் கை சில்லிடுகிறது. எனக்கும்தான் என்ன? கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர் கேள்வி கேட்கும்போது முன்னால் இருப்பவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டவன் நான். பட்டம் வாங்காமலே கல்லூரியை விட்டு வந்ததற்குச் சொல்லிக்கொள்ள வேறு காரணங்கள் உண்டு; இதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சில்லிப்பை அமெரிக்காவில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எலேன் ஹார்விட்ஸ் என்ற அம்மையாரும் இன்னும் இருவரும் 1986-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். முப்பத்து மூன்று வாக்கியங்களை மாணவர்களிடம் கொடுத்து, இது உனக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்கும் முறை அது. அந்நிய பாஷை வகுப்பின் பயம் தனி வகையானது என்பது அவர்கள் கண்டது. பேசப் பயம், பரீட்சைப் பயம், பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம் மூன்றும் அதில் கலந்திருக்கின்றன. அதற்கும் மேலே ஒன்று உண்டு. தன் பாஷையில் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், புதுப் பாஷையில் ஒருவன் மழலைதான். கணக்கில் தவறினால் கணக்குத் தவறியது, அவ்வளவே. நாக்குத் தவறினாலோ ஆளே தவறிப்போன மாதிரி இருக்கிறது. பயந்த மனசு பாதிக் கவனத்தைப் பயத்துக்குக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டு பாடத்தைத் தேடுகிறது. வீட்டில் வந்த வாய்பாடு வகுப்பில் வராமல் போவது இதனால்தான். மூளைக் குறைவால் அல்ல.

இதற்கு என்ன மருந்து என்று யோசித்தால், மருந்து பக்கத்து ஊரிலேயே கிடைத்திருக்கிறது. காரைக்காலுக்கு வடக்கே, அரை மணிப் பயணத்தில் தரங்கம்பாடி. 1706 ஜூலையில் அங்கே டேனிஷ்காரர் கோட்டையில் வந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாருக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட நிறையவில்லை. தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியாரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். பிள்ளைகள் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? சிரித்திருப்பார்கள். அவர் எழுந்து போய்விடவில்லை. ஒன்பது வருஷத்தில், 1715-ல், அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வந்தது.

அவருக்குத் தைரியம் கொடுத்ததில் அந்த மணலுக்கும் பங்குண்டு என்று எனக்குத் தோன்றுகிறது. மணலில் தப்பாக எழுதினால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். பிழை போன இடம் தெரியாது. சிவப்பு மை இல்லை, பதிவேடு இல்லை, பட்டப் பெயரும் இல்லை. 1789-ல் சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குத் தலைவராக வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு அதிசயித்தார். 1797-ல் ஊருக்குப் போய் அதைப் புத்தகமாக எழுதினார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துப் பள்ளிகளில் மணல் தட்டுக்கள் வந்தன. 1815-க்குப் பிறகு பிரான்சிலும் பிள்ளைக்குப் பிள்ளை கற்பிக்கும் முறை பரவியது. நம்முடைய மணல் கப்பலேறி அங்கே போயிற்று. திரும்பி வரும்போது அவர்கள் மையையும் மதிப்பெண்ணையும் கொண்டுவந்தார்கள். நம் திண்ணைப் பள்ளிகளில் பிரம்பும் கோதண்டமும் இருந்ததை நான் மறைக்கவில்லை. ஆனாலும் மணல் மன்னித்தது, மை மன்னிக்கவில்லை.

எங்கள் ஊருக்கு ஒரு பரீட்சைக் கதை உண்டு. மதுரையில் அனல் வாதம் நடந்தபோது ஞானசம்பந்தர் தம் சுவடியில் கயிறு சாத்திப் பார்க்க, திருநள்ளாற்றுப் பதிகம் வந்தது. அந்த ஏட்டை நெருப்பில் இட்டார். அது கருகாமல் பச்சையாகவே இருந்ததால் பச்சைப் பதிகம் என்று பெயர். அவையில் நின்றவர் சிறு பிள்ளை. இந்தப் பாலனுக்கு என்ன ஆகுமோ என்று பாண்டிமாதேவி கலங்கினாள் என்று பெரிய புராணம் சொல்கிறது. பிள்ளைகளின் பரீட்சைக்கு நம் தாய்மார் அன்றிலிருந்தே கலங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் தெய்வக் குழந்தையின் ஏடுதான் நெருப்பில் பச்சையாக இருக்கும். மற்றக் குழந்தைகளின் ஏடு கருகத்தான் செய்யும். அவர்களை நெருப்புக்கு முன்னால் நிறுத்துவதற்கு முன், மணலில் கொஞ்ச காலம் விளையாட விடக்கூடாதா?

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணிடம் சீகன்பால்குவின் கதையைச் சொன்னேன். வெள்ளைக்காரப் பாதிரியார் தரையில் சம்மணமிட்டு அகரம் எழுதிய இடத்தில் அவள் சிரித்தாள். பிறகு தாத்தாவின் மேஜைக் கதையைச் சொன்னேன். அதற்கு அவள் சிரிக்கவில்லை. "பாவம் சார்" என்றாள். சற்று நேரம் குளத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"மணல்ல எழுதினா நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு மார்க் போடுவாங்களா சார்?"

என்னிடம் பதில் இல்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது என்று தாயார் அவசரப்படுத்தினாள். அந்தப் பெண் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். உதடுகள் மறுபடியும் அசைந்துகொண்டிருந்தன. 'ழ சுயி, து எ.' நான் இருக்கிறேன், நீ இருக்கிறாய்.